என். எஸ். கிருஷ்ணன்

என். எஸ். கிருஷ்ணன் (நவம்பர் 29, 1908 - ஆகஸ்ட் 30, 1957) தமிழ்த் திரைப்பட நகைச்சுவை நடிகர், நாடகக் கலைஞர், பாடகர், இயக்குநர் மற்றும் தயாரிப்பாளர் ஆவார். கலைவாணர் என்ற பட்டப்பெயரால் பரவலாக அறியப்படுகிறார். 1930களின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தமிழ்த் திரையுலகின் முதன்மையான நகைச்சுவை நடிகராக விளங்கினார். சாதி வேற்றுமை, மூடநம்பிக்கை, குடிப்பழக்கம் ஆகியவற்றுக்கு எதிரான கருத்துகளை நகைச்சுவை வழியாக மக்களிடம் கொண்டு சென்றார். புகழின் உச்சியில் இருந்தபோது லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். பின்னர் விடுதலையாகி மீண்டும் திரையுலகில் வெற்றி பெற்றார்.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ணன் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் சுடலையாண்டிப் பிள்ளை, இசக்கி அம்மாள் இணையருக்குப் பிறந்தார். அக்காலத்தில் நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்ததாக இருந்தது. 1956 ஆம் ஆண்டு மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போதுதான் அப்பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது.

குடும்ப வறுமையின் காரணமாக இவரது படிப்பு தொடக்கப் பள்ளியுடன் நின்றது. டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிக் கொடுப்பது, நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்பது போன்ற சிறு வேலைகளைச் செய்தார். தின்பண்டத் தட்டுடன் கொட்டகைக்குள் சென்று வந்த நாட்களிலேயே நாடகத்தின் மீது ஆர்வம் உண்டாயிற்று.

தென் மாவட்டங்களின் நாட்டார் கலையான வில்லுப்பாட்டிலும் இளமையிலேயே பயிற்சி பெற்றார். வில்லுப்பாட்டில் முதற்பாட்டுக்காரர் கதையைச் சொல்லிச் செல்ல, பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போடுவார், இடையிடையே கேள்வி கேட்பார், கேலியும் செய்வார். பிற்காலத்தில் திரையில் கிருஷ்ணனும் மதுரமும் நிகழ்த்திய பாட்டும் பேச்சும் கலந்த விவாதங்களைக் கவனித்தால் இந்த அமைப்பை அவற்றில் காணலாம். இவரது நகைச்சுவையின் வேர் மேடை நாடகத்தைவிட வில்லுப்பாட்டிலேயே ஆழமாக இருந்தது எனலாம்.

நாடகத் துறையில்

டி. கே. எஸ். சகோதரர்கள் 1925 ஆம் ஆண்டில் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபா என்ற நாடகக் குழுவைத் தொடங்கினர். கிருஷ்ணன் அக்குழுவில் சேர்ந்தார். அக்கால நாடகக் குழுக்கள் குருகுலம் போன்றவை. நடிகர்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு, பாட்டும் வசனமும் மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சென்றனர். கிருஷ்ணன் எந்த வேடம் கிடைத்தாலும் ஏற்றார். நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்துக்கொள்ளும் பழக்கமும் இக்குழுவில்தான் தொடங்கியது.

திரைப்படத் துறையில்

டி. கே. எஸ். சகோதரர்களின் மேனகா நாடகம் 1935 ஆம் ஆண்டில் ராஜா சாண்டோ இயக்கத்தில் திரைப்படமாக வெளிவந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவிய இப்படத்தில் கிருஷ்ணனும் நடித்தார். அடுத்த ஆண்டு சதிலீலாவதி வெளியானது. எஸ். எஸ். வாசனின் கதையை அடிப்படையாகக் கொண்ட இப்படத்தை அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார். எம். ஜி. இராமச்சந்திரன், டி. எஸ். பாலையா ஆகியோருக்கு இது முதற்படம். தமிழ் அறியாத டங்கன் தமிழ்ப் படங்களில் நடிப்பையும் ஒளிப்பதிவையும் மேடைப் பழக்கத்திலிருந்து விடுவிக்க முயன்றவர். அவரது அம்பிகாபதி (1937), சகுந்தலை (1940) ஆகிய படங்களிலும் கிருஷ்ணன் நடித்தார்.

1936 ஆம் ஆண்டில் வெளிவந்த வசந்தசேனா படத்தின் படப்பிடிப்புக்காகப் புனே சென்றபோது நடிகை டி. ஏ. மதுரத்துடன் அறிமுகம் ஏற்பட்டது. திருவரங்கத்தைச் சேர்ந்த மதுரம் அப்போது இரத்னாவளி என்ற படத்தில் நடித்திருந்தார். இருவரும் திருமணம் செய்துகொண்டனர். கிருஷ்ணனுக்கு ஏற்கெனவே நாகம்மை என்பவருடன் திருமணம் ஆகியிருந்தது.

கிருஷ்ணன்-மதுரம் இணை தமிழ்த் திரையுலகில் தனியிடம் பெற்றது. உத்தமபுத்திரன் (1940), ஆர்யமாலா (1941), கண்ணகி (1942), மனோன்மணி (1942), மங்கம்மா சபதம் (1943), ஹரிதாஸ் (1944) எனத் தொடர்ந்து பல படங்களில் இருவரும் நடித்தனர். பெரும்பாலான நகைச்சுவைக் காட்சிகளில் கணவன் பெருமை பேசுவான். மனைவி ஒரே கேள்வியில் அவனைத் தரையிறக்கிவிடுவாள். அக்காலப் படங்களில் கதாநாயகி கண்ணீருடன் பொறுமை காத்துக்கொண்டிருக்க, அதே படத்தின் நகைச்சுவைப் பகுதியில் மதுரம் எதிர்க்கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

தனி நகைச்சுவைப் பகுதி

திரைப்படத்தின் மையக் கதையுடன் நேரடித் தொடர்பில்லாத தனி நகைச்சுவைப் பகுதி என்ற முறை தமிழில் வேரூன்றியதற்குக் கிருஷ்ணன் முதன்மையான காரணம். இவர் தமக்கெனத் தனிக் குழு ஒன்றை வைத்திருந்தார். டி. எஸ். துரைராஜ், புளிமூட்டை இராமசாமி, காகா இராதாகிருஷ்ணன் போன்றோர் அதில் இடம்பெற்றனர். நகைச்சுவைப் பகுதியின் கதை, வசனம், பாடல், இயக்கம் அனைத்தையும் இக்குழுவே கவனித்துக்கொண்டது. பாடல்களைப் பெரும்பாலும் உடுமலை நாராயண கவி எழுதினார். படத்தின் இயக்குநர் ஒருபுறம் மையக் கதையைப் படமாக்க, கிருஷ்ணன் குழு மறுபுறம் தன் பகுதியைப் படமாக்கித் தரும். இரண்டும் படத்தொகுப்பின்போது இணைக்கப்படும்.

ஹாலிவுட்டில் மௌனப்பட நகைச்சுவை நடிகர்கள் முதலில் குறும்படங்களில் வளர்ந்தனர். அக்குறும்படங்கள் தனியாகத் திரையிடப்பட்டன. தமிழில் குறும்படத்துக்கெனத் தனிச் சந்தை அமையவில்லை. மூன்று மணிநேரப் படத்தின் உள்ளேயே கிருஷ்ணன் தமது குறும்படத்தை வைத்தார் என்று இதைக் கூறலாம். இதனால் அவருக்கு ஒரு வசதியும் கிடைத்தது. மையக் கதை புராணமாகவோ அரசகதையாகவோ இருந்தாலும், நகைச்சுவைப் பகுதியில் சமகால வாழ்க்கையைப் பேச முடிந்தது. இம்முறை பின்னர் வந்தவர்களால் பல பதிற்றாண்டுகள் பின்பற்றப்பட்டது. அவர்களில் பலர் அமைப்பை மட்டுமே எடுத்துக்கொண்டனர், கருத்தை விட்டுவிட்டனர்.

கிருஷ்ணனை இந்தியாவின் சார்லி சாப்ளின் என்று அழைப்பதுண்டு. தம் நகைச்சுவையைத் தாமே எழுதி இயக்கியதிலும், ஏழையின் பக்கம் நின்றதிலும் இருவருக்கும் ஒற்றுமை உண்டு. ஆயினும் சாப்ளினின் கலை உடலசைவைச் சார்ந்தது. கிருஷ்ணனின் கலை சொல்லையும் பாட்டையும் சார்ந்தது. தமிழ் அறியாதவருக்கு அதன் பெரும்பகுதி எட்டாது.

பழைய கதைகளைத் தலைகீழாக்குவது இவருக்குப் பிடித்த முறையாக இருந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் சந்திரஹரி நாடகம் 1941 ஆம் ஆண்டில் படமானபோது அதில் கிருஷ்ணன் நடித்தார். உண்மையே பேசும் அரிச்சந்திரனின் பெயரைத் திருப்பிப் போட்டு, பொய்யே பேசும் ஒருவனைத் தலைவனாக்கிய கதை அது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் இதே முறையில் கிந்தனார் உருவானது. ஆனால் அதற்கு முன் சிறைவாசம் வந்தது.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கு

சி. என். லட்சுமிகாந்தன் என்பவர் சென்னையில் சினிமா தூது, பின்னர் இந்துநேசன் ஆகிய இதழ்களை நடத்தினார். திரைத்துறையினரின் அந்தரங்க வாழ்க்கை பற்றிய அவதூறுகள் அவற்றில் வெளிவந்தன. 1944 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள் சென்னையில் ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்தபோது லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். அடுத்த மாதம் கிருஷ்ணன், நடிகரும் பாடகருமான எம். கே. தியாகராஜ பாகவதர், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் சதிக்குற்றம் சாட்டப்பட்டுக் கைது செய்யப்பட்டனர்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரிகள் முன்னிலையில் வழக்கு நடைபெற்றது. ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். 1945 ஆம் ஆண்டு மே மாதம் கிருஷ்ணனுக்கும் பாகவதருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னையில் செய்யப்பட்ட மேல்முறையீடு தள்ளுபடியானது. இருவரும் நடித்த ஹரிதாஸ் படம் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிக்கொண்டிருந்தபோது, இருவரும் சிறையில் இருந்தனர்.

பின்னர் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு பிரிவி கவுன்சில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பியனுப்பியது. மறுவிசாரணையில் வழக்கறிஞர் வி. எல். எத்திராஜ் வாதாடினார். சாட்சியங்கள் நம்பத்தக்கவையாக இல்லை எனக் கண்ட நீதிபதிகள் 1947 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இருவரையும் விடுதலை செய்தனர். கிருஷ்ணன் ஏறத்தாழ முப்பது மாதங்கள் சிறையில் கழித்திருந்தார். கொலையின் உண்மைப் பின்னணி இறுதிவரை நிறுவப்படவில்லை.

இதற்கு ஓரளவு ஒப்பான நிகழ்வு அமெரிக்காவிலும் நடந்துள்ளது. ஹாலிவுட்டின் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகரான ராஸ்கோ ஆர்பக்கிள் 1921 ஆம் ஆண்டில் ஒரு நடிகையின் மரணம் தொடர்பாகக் குற்றம் சாட்டப்பட்டார். மூன்று முறை விசாரணை நடந்து 1922 இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். ஆயினும் அவரது படங்கள் தடை செய்யப்பட்டன. வேறு பெயரில் படங்களை இயக்கிக் காலம் தள்ளிய அவர் 1933 ஆம் ஆண்டில் காலமானார். விடுதலை பெற்றாலும் மக்கள் ஆதரவு திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. இதே வழக்கில் கிருஷ்ணனுடன் விடுதலையான பாகவதரின் பிற்காலப் படங்கள் பழைய வெற்றியைப் பெறவில்லை. கிருஷ்ணன் மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது.

அதற்கு மதுரத்தின் பங்கு முதன்மையானது. வழக்குக்கான செலவையும் அலைச்சலையும் ஏற்றதுடன், எஸ். வி. சகஸ்ரநாமம் உள்ளிட்டோரின் துணையுடன் என். எஸ். கே. நாடக சபாவையும் அவர் கலையாமல் காத்தார். விதவை மறுமணத்தை ஆதரிக்கும் பைத்தியக்காரன் நாடகம் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமாகத் தொடங்கப்பட்டது. படம் முடியும் முன் கிருஷ்ணன் விடுதலையானதால் அவருக்காகத் தனிப் பகுதி சேர்க்கப்பட்டது. இப்படத்தில் மதுரம் இரட்டை வேடத்தில் நடித்தார். எம். ஜி. இராமச்சந்திரனும் இதில் நடித்துள்ளார். கலைவாணர் என்ற பட்டத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் இவருக்கு வழங்கியதும் விடுதலைக்குப் பின் அதே 1947 ஆம் ஆண்டில்தான்.

நல்லதம்பியும் கிந்தனாரும்

1949 ஆம் ஆண்டு வெளிவந்த நல்லதம்பி, சி. என். அண்ணாதுரை திரைக்கதை வசனம் எழுதிய முதற்படமாகும். ஃபிராங்க் காப்ராவின் இயக்கத்தில் 1936 இல் வெளிவந்த மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன் என்ற அமெரிக்க நகைச்சுவைப் படத்தைத் தழுவியது. எளிய மனிதன் ஒருவனுக்கு எதிர்பாராமல் பெருஞ்சொத்து வந்து சேர, அவன் அதை மக்களுக்குப் பயன்படுத்த முனைவதே கதை. கிருஷ்ணன் கதைத்தலைவனாகவும் பி. பானுமதி ஜமீன் குடும்பத்துப் பெண்ணாகவும் நடித்தனர். சென்னை மாகாணம் முழுவதற்கும் 1948 இல் மதுவிலக்கு விரிவாக்கப்பட்டிருந்த காலம் ஆகையால் மதுவின் தீமையும் படத்தில் பெரிதாகப் பேசப்பட்டது.

இப்படத்தில் கிருஷ்ணன் நிகழ்த்திய கிந்தனார் கதாகாலட்சேபம் அவரது படைப்புகளில் மிக முக்கியமானது. உடுமலை நாராயண கவி இதை எழுதினார். இதன் பொருள் விளங்க நந்தனார் கதையை அறிந்திருக்க வேண்டும்.

நந்தனார் பெரிய புராணத்தில் திருநாளைப்போவார் என்ற பெயரில் இடம்பெறும் நாயனார். கொள்ளிடக் கரையிலுள்ள ஆதனூரைச் சேர்ந்தவர். தீண்டாமைக்கு உள்ளான குலத்தில் பிறந்த அவர் சிதம்பரம் சென்று நடராசரை வணங்க ஏங்கினார். நாளை போவேன், நாளை போவேன் என்று நாட்களைக் கழித்தார். இறுதியில் தில்லையில் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே கோயிலுக்குள் சென்றார் என்பது புராணம். 19 ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இக்கதையை நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாக்கினார். நந்தனைச் சிதம்பரம் போக விடாமல் தடுக்கும் வேதியர் என்ற பண்ணையார் பெரிய புராணத்தில் இல்லை, பாரதியே சேர்த்தவர். இக்கதை காலட்சேபமாகவும் நாடகமாகவும், 1935, 1942 ஆம் ஆண்டுகளில் திரைப்படமாகவும் தமிழ்நாடெங்கும் பரவியிருந்தது. சபையோருக்கு மெட்டுகள் கூட மனப்பாடம்.

கிருஷ்ணன் அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். பாகவதர் போல நின்று, பின்பாட்டு ஒலிக்கக் கதை சொன்னார். கதை மட்டும் மாறியது. ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் கிந்தன் ஏங்குவது கோயிலுக்காக அன்று, பள்ளிக்கூடத்துக்காக. ஊர்ப் பள்ளியில் அவனுக்கு இடமில்லை; அடிதான் கிடைக்கிறது. அவன் போக விரும்பும் ஊர் சிதம்பரம் அன்று, சென்னைப் பட்டணம். அங்கு அவனைக் கொண்டு சேர்ப்பது ரயில். எல்லாச் சாதியினரையும் ஒரே வண்டியில் ஏற்றிச் செல்லும் ரயிலைப் புகழ்ந்து இக்காலட்சேபத்தில் ஒரு பாடல் உண்டு. பட்டணத்தில் படித்துத் தேறிய கிந்தன், கல்வித்துறை அதிகாரியாகத் தன் ஊர்ப் பள்ளிக்கே திரும்பி வருகிறான். நந்தனார் கதையில் தீ செய்த வேலையைக் கிந்தனார் கதையில் கல்வி செய்கிறது.

கிருஷ்ணன் நந்தனாரை எந்த இடத்திலும் இழிவுபடுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பக்தர்களும் சிரித்தனர், பகுத்தறிவாளர்களும் சிரித்தனர். பெரியார், அண்ணாதுரை, ப. ஜீவானந்தம் ஆகியோருடன் நெருங்கிப் பழகிய இவர் காந்தியிடமும் பெருமதிப்புக் கொண்டிருந்தார். எதிராளியைப் புண்படுத்தாமல் அவரது கருத்தை மட்டும் தாக்கும் இந்த முறையே, கொலைக்குற்றம் சாட்டப்பட்டுத் திரும்பிய ஒருவரைத் தமிழ் மக்கள் தயக்கமின்றி ஏற்றதற்குக் காரணமாக இருக்கலாம்.

அறிவியலின் வளர்ச்சியிலும் இவருக்குப் பெரும் நம்பிக்கை இருந்தது. பொத்தானை அழுத்தினால் இட்லியும் காபியும் பக்கத்தில் வந்து நிற்கும் காலத்தை மதுரத்துடன் பாடிய பாடல் ஒன்றில் கற்பனை செய்துள்ளார்.

இயக்குநராக

கிருஷ்ணன் இயக்கிய மணமகள் 1951 ஆம் ஆண்டில் வெளியாகி வெற்றி பெற்றது. திருவிதாங்கூர் சகோதரிகளான லலிதா, பத்மினி இருவரும் இதில் நடித்தனர். அதுவரை பெரும்பாலும் நடனமாடி வந்த பத்மினிக்குத் தமிழில் கதாநாயகி வாய்ப்பு இப்படத்தில் கிடைத்தது. 1952 இல் மு. கருணாநிதியின் வசனத்தில் சிவாஜி கணேசன் நடித்த பணம் படத்தையும் இயக்கினார். விஸ்வநாதன்-இராமமூர்த்தி என்ற இரட்டையர் பெயர் இசையமைப்பாளர்களாக முதலில் இடம்பெற்ற படம் இது. அவ்வாறு இருவரையும் இணைத்ததில் கிருஷ்ணனுக்குப் பங்குண்டு.

1951 ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியம் சென்ற இந்தியத் திரைத்துறைக் குழுவிலும் இவர் இடம்பெற்றார்.

வில்லுப்பாட்டு

புகழ் பெற்ற பின்னும் கிருஷ்ணன் வில்லுப்பாட்டை விடவில்லை. நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்த இளைஞரான சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்து வந்து, அவர் எழுதிய காந்தி மகான் கதையை வில்லுப்பாட்டாக மேடைகளில் நிகழ்த்தினார். கோயில் கொடைகளில் தெய்வக் கதைகளைப் பாடப் பயன்பட்ட கலை, அதனால் சென்னை நகர மேடைக்கும் சமகாலச் செய்திகளுக்கும் உரியதாயிற்று. சுப்பு ஆறுமுகம் அப்பணியை 2022 ஆம் ஆண்டில் மறையும் வரை தொடர்ந்தார்.

இறுதிக் காலம்

1950களில் தங்கவேலு, சந்திரபாபு போன்ற புதியவர்கள் வந்துவிட்டனர். ஆயினும் மதுரை வீரன் (1956), ராஜா ராணி (1956) போன்ற படங்களில் கிருஷ்ணனின் இடம் குறையவில்லை. ராஜா ராணி படத்தில் சிரிப்பின் பல வகைகளைச் சிரித்துக் காட்டியபடியே பாடிய பாடல் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

கேட்டவருக்கெல்லாம் கொடுக்கும் இயல்பினர் ஆதலால் ஈட்டிய பொருள் தங்கவில்லை. இவரது கொடைத்தன்மை பற்றிச் செவிவழிக் கதைகள் ஏராளம். அவற்றில் எது நடந்தது, எது பின்னர் புனையப்பட்டது எனப் பிரித்தறிவது கடினம். கடைசி ஆண்டுகளில் பொருள் நெருக்கடியும் நோயும் வாட்டின என்பது மட்டும் உறுதி.

1957 ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் காஞ்சிபுரத்தில் போட்டியிட்ட அண்ணாதுரைக்காகப் பிரசாரம் செய்தார். எதிர்த்துப் போட்டியிட்டவர் ஒரு மருத்துவர். கிருஷ்ணன் மேடையில் பேச்சின் பெரும்பகுதியை அம்மருத்துவரின் நற்குணங்களைப் புகழ்வதிலேயே செலவிட்டாராம். கூட்டம் குழம்பி நிற்கையில், இப்படிப்பட்ட நல்ல மருத்துவரைச் சென்னைக்கு அனுப்பிவிட்டால் ஊர் நோயாளிகளை யார் பார்ப்பது, ஆகையால் அண்ணாதுரையை அனுப்புங்கள் என்று முடித்ததாகக் கூறப்படுகிறது. அண்ணாதுரை அத்தேர்தலில் வெற்றி பெற்றார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 30 ஆம் நாள் கிருஷ்ணன் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 48. இருபது ஆண்டுகளுக்கு முன் பாகவதருடன் நடித்த அம்பிகாபதியின் கதை சிவாஜி கணேசன் நடிப்பில் மீண்டும் படமாகியிருந்தது. அதிலும் கிருஷ்ணனும் மதுரமும் நடித்திருந்தனர். அப்படம் அவர் மறைந்த பிறகு 1957 அக்டோபரில் வெளிவந்தது. மதுரம் 1974 ஆம் ஆண்டில் காலமானார்.

நினைவுச் சின்னங்கள்

சென்னை தியாகராய நகரில் கிருஷ்ணனின் சிலையை 1969 ஆம் ஆண்டு ஜனவரி 14 ஆம் நாள் அப்போதைய முதலமைச்சர் அண்ணாதுரை திறந்து வைத்தார். நோயுற்றிருந்த அண்ணாதுரை கலந்துகொண்ட இறுதிப் பொதுநிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று. அடுத்த மாதம் 3 ஆம் நாள் அவர் மறைந்தார்.

சென்னையில் பாலர் அரங்கம் என அழைக்கப்பட்ட அரங்கத்துக்குப் பின்னர் கலைவாணர் அரங்கம் எனப் பெயரிடப்பட்டது. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, 2016 ஆம் ஆண்டில் அதே பெயரில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு சட்டமன்றக் கூட்டங்கள் சில காலம் இவ்வரங்கத்தில் நடைபெற்றன.